சொன்னால் போனை வாங்கிவிடுவார்கள்



ஒரு தாயின் அனுமதியோடு, அவர்கள் வீட்டில் நடந்த ஒன்றை இந்த மாதம் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் குடையையும் செருப்பையும் தேடிக்கொண்டிருந்த வேளையில் அந்தச் சகோதரி என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். மும்பையில் நம்மில் பலருடைய வீட்டைப் போன்றதே அவர்கள் வீடும். கீழே ஓர் அறை. ஏணி வைத்து ஏறினால் படுக்கவும் படிக்கவும் மேலே ஒரு சிறு தட்டு. கணவருக்கு இரவு வேலை. சகோதரி மூன்று வீடுகளில் சமையல் செய்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு.

"அக்கா, பையன் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். என் போனிலிருந்து 1,500 ரூபாய் யாருக்கோ போயிருக்கிறது. கேட்டால் அழுகிறானே தவிர வாய் திறப்பதில்லை" என்றார்.

ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளை அவன். மாலையில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேசினான். படங்கள் பகிரும் ஒரு செயலியில் தன் வயதுடைய ஒரு பெண் என்று சொல்லிக்கொண்டு யாரோ பழகியிருக்கிறார்கள். பத்து நாள் கிரிக்கெட்டும் சினிமாவும் பேசிவிட்டு, பிறகு தகாத ஒரு படத்தை அனுப்பி, "நீயும் அனுப்பு" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் அனுப்பிவிட்டான். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தப் "பெண்" மறைந்து மிரட்டல் வந்தது: 5,000 ரூபாய் அனுப்பாவிட்டால் படம் உன் பள்ளி நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் போகும். கூடவே அவர்களுடைய பெயர்ப் பட்டியல். அம்மாவின் போனிலிருந்து 500, 500 என்று மூன்று முறை அனுப்பியிருக்கிறான். கொடுக்கக் கொடுக்கக் கேட்டார்கள்.

"முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன்.

"சொன்னால் போனை வாங்கிவிடுவார்கள், டீச்சர்" என்றான்.

மானம் போகும் என்றோ, அப்பா அடிப்பார் என்றோ அவன் முதலில் சொல்லவில்லை. அவையெல்லாம் பின்னால் வந்தன. முதல் பயம் போனைப் பற்றியது. பெற்றோரே, அந்த மிரட்டல்காரன் நம்பியிருந்ததும் இதைத்தான். பிள்ளை வீட்டில் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையை முதலாக வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

கூடத்தில் இருந்த கணினி

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள். அதற்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை ஒன்றே: கணினியைக் கூடத்தில் வையுங்கள், திரை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வையுங்கள், பிள்ளையைத் தனியாகச் சைபர் கஃபேக்கு அனுப்பாதிருங்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் அது கூடம் உள்ள வீட்டுக்கும், நகர்த்த முடியாத கணினிக்கும் சொல்லப்பட்டது. 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் புகுந்தது. வகுப்புக்காக வாங்கிக் கொடுத்தோம். வகுப்புகள் பள்ளிக்குத் திரும்பின, கைப்பேசி திரும்பவில்லை.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் பிள்ளைதான். மின்கட்டணம் கட்டுவது, கேஸ் பதிவு செய்வது, வங்கியிலிருந்து வரும் செய்தியை வாசித்துச் சொல்வது, ஊரில் பாட்டிக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அவன் கையால் நடக்கிறது. பத்து வயதில் வீட்டின் மொழிபெயர்ப்பாளனாகவும் கணக்கனாகவும் ஆகிவிடுகிறான். அதில் நமக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் யார் யாரைக் கண்காணிப்பது? திரையில் ஓடும் உரையாடலை நாமே வாசிக்க முடியாதபோது, "காட்டு பார்க்கலாம்" என்பதற்கு என்ன பொருள்?

அந்தச் சகோதரி ஒவ்வொரு இரவும் மகனிடம், "என்ன பண்ணுகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். "ப்ராஜெக்ட்" என்று பதில் வந்திருக்கிறது. ஏணிக்கு மேலே வெளிச்சம் தெரிந்துகொண்டிருந்தது. அவருக்கு விடிகாலை நாலரைக்கு எழ வேண்டும்; தூங்கிவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்நியர் எந்த வழியாக வருகிறார்?

பெரும்பாலும் விளையாட்டு வழியாக வருகிறார். குழுவாக ஆடும் விளையாட்டுகளில் பேசிக்கொண்டே ஆடலாம். அங்கே திறமையாய் ஆடுகிற ஓர் "அண்ணன்" கிடைப்பார். விளையாட்டில் பயன்படும் காசோ வைரமோ பரிசாகத் தருவார். பிறகு, "இங்கே வேண்டாம், வேறு செயலியில் பேசுவோம்" என்பார். அதற்கும் பிறகு, "வீட்டில் சொல்லாதே, அவர்களுக்குப் புரியாது" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இடத்தை மாற்றச் சொல்கிறவரும், இரகசியம் கேட்கிறவரும் யாராக இருந்தாலும், எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வருகிறவர் எப்போதும் அந்நியரும் அல்லர். டியூஷன் ஆசிரியராக, பக்கத்து வீட்டு மாமாவாக, சபையில் கிட்டார் வாசிக்கும் இளைஞராகவும் இருக்கலாம் என்பதை மனவேதனையோடு எழுதுகிறேன்.

பணத்துக்காக மிரட்டும் வலையில் பதின்பருவ ஆண்பிள்ளைகள் அதிகமாகக் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பலமுறை எச்சரித்துள்ளது. நாமோ பெண்பிள்ளையின் கையிலிருக்கும் போனை மட்டும் உற்றுப் பார்க்கிறோம். பெண்பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்பதல்ல. இப்போது அவள் ஒரு படமும் அனுப்பத் தேவையில்லை. சாதாரண முகப்படத்தை எடுத்துச் செயற்கை நுண்ணறிவால் வேறோர் உடலோடு சேர்த்துவிடுகிறார்கள்.

அந்த முகப்படம் எங்கிருந்து கிடைக்கிறது? கொஞ்சம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்தை, பெயர், வகுப்பு, பள்ளியின் அடையாள அட்டை சகிதமாக, நூற்றுக்கணக்கானோர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நிறுத்திவிட்டேன். குழுவாக எடுத்த படம் போதும், பெயர் வேண்டாம்.

பூட்டுகளைப் பற்றி

பூட்டுகள் தேவைதான். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் பெற்றோர் போனிலும் பிள்ளை போனிலும் அமைத்தால், எந்தச் செயலியை இறக்கலாம், எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம், கட்டணம் இல்லை. வாட்ஸ்ஆப்பில் முகப்படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படியும், தெரிந்தவர்கள் மட்டும் குழுவில் சேர்க்கும்படியும், தெரியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காதபடியும் அமைக்கும் வசதி உண்டு. யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் பிள்ளை அறியாதிருப்பது நல்லது. மின்கட்டணத்தை அவன் தயார் செய்யட்டும், எண்ணை நீங்கள் அழுத்துங்கள். எண்களை வாசிக்க ஆங்கிலம் வேண்டாமே!

பூட்டுகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராம் 2025-இல் இந்தியாவில் பதின்பருவத்தினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் குறைந்தவரின் கணக்கு தானாகவே மூடிய கணக்காக இருக்கும். தொடர்பில் இல்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதமின்றி இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தவும் முடியாது. எல்லாம் நல்லதே. ஆனால் செயலிக்கு நம் பிள்ளையின் வயது எப்படித் தெரியும்? முக்கியமாக நாம் கொடுத்த பிறந்த தேதியைக் கொண்டுதான். நம் வீடுகளில் அந்தத் தேதி பெரும்பாலும் பொய். பதின்மூன்று வயது ஆகாத பிள்ளைக்குக் கணக்குத் தொடங்க வேண்டும் என்பதற்காக அவனோ, சித்தப்பா மகனோ, ஏன் நாமோ 1999 என்றோ 2000 என்றோ போட்டுவிட்டோம். ஒரு வரிப் பொய்யினால், பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட வேலி முழுவதும் நம் பிள்ளைக்கு இல்லாமற்போனது. இன்றிரவே பிள்ளையோடு உட்கார்ந்து அந்தத் தேதியைப் பாருங்கள். நான் கேட்டுப்பார்த்த வீடுகளில் சரியான தேதி இருந்தது மிகக் குறைவு.

ஆனாலும், நம் போனைப் பூட்டலாம். நண்பனுடைய போனை யார் பூட்டுவது? பூட்டு நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். ஆபத்து வந்த அன்று பிள்ளை நம்மிடம் ஓடி வருவானா என்பதை எந்தச் செயலியும் தீர்மானிப்பதில்லை.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

அந்தச் சகோதரியிடம் அன்று மாலை நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மகனைத் தனியாக அழைத்து, "போனை வாங்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. "இவ்வளவும் அந்தச் சனியனால் வந்ததுதானே அக்கா? இன்னும் அதைக் கையில் கொடுக்கவா?" என்றார். கோபம் நியாயமே. ஆனால் உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனையும், மறைத்த நாட்களுக்குச் சுதந்தரமும் கிடைக்குமானால், அடுத்த முறை அவன் எதைத் தெரிந்துகொள்வான்?

நேர ஒழுங்கு வேறு, தண்டனை வேறு. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், அப்பாவுடையதும் சேர்த்து, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும் என்பது ஒழுங்கு. அதை முன்கூட்டியே வைக்கலாம். பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்ன மணி நேரத்தில் போனைப் பிடுங்குவது தண்டனை. அவன் அதை மறக்கமாட்டான்.

எதுவும் நடப்பதற்கு முன்னமே, சாதாரணமான ஒரு நாளில், வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்: "போனில் யாராவது உன்னைப் பயமுறுத்தினாலோ, கூச்சமான எதையாவது கேட்டாலோ, நீயே ஏதாவது தப்பாக அனுப்பிவிட்டாலோ, முதலில் என்னிடம் வா. அடிக்கமாட்டேன். போனை வாங்கமாட்டேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்." ஒரு முறை சொன்னால் நம்பமாட்டான். பள்ளி திறக்கும்போது ஒரு முறை, ஊருக்குப் போகும்போது ஒரு முறை என்று சொல்லுங்கள்.

இங்கே நம் சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாலிபர் கூட்டங்களில் இணையம் பிசாசின் கருவி என்று பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறோம். எச்சரிப்பின் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலையில் ஏற்கெனவே சிக்கிய ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், "நான் ஏற்கெனவே கெட்டுப்போனவன், இனிச் சொல்லிப் பயனில்லை" என்றல்லவா எண்ணுவான்? அவன் ஏமாற்றப்பட்டவன், குற்றம் செய்தவர்கள் வேறு. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாத பிரசங்கம் அவன் வாயை இன்னும் இறுக்கமாக மூடும்.

நடந்துவிட்டால்

பணம் அனுப்பாதிருங்கள்; அனுப்பியிருந்தால் இனி அனுப்பாதிருங்கள். கெஞ்சிப் பதில் எழுதவும் வேண்டாம். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதிருங்கள். மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், தொலைபேசி எண், பணம் போன யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டபின், செயலியில் புகார் அளித்து அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே பெயர் வெளியிடாமலும் தெரிவிக்கலாம். போலித் தளங்களும் உண்டு, ஆகவே முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. அதைப் பிள்ளையே அழைக்கலாம்.

ஒரு காரியத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஆதாரம் காட்டுகிறோம் என்று எண்ணி, பிள்ளையின் அந்தப் படத்தை மூப்பருக்கோ, மாமாவுக்கோ, பள்ளி ஆசிரியருக்கோ அனுப்பிவிடாதிருங்கள். குழந்தையின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து இலட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். இத்தகைய படங்களை வைத்திருப்பதையும் பார்ப்பதையும் குறித்து உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கடுமையான தீர்ப்பளித்தது. குழுவில் வந்ததைச் "சும்மா" போனில் வைத்திருக்கும் பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காவலரிடம் போனையே காட்டினால் போதும்.

படம் பரவிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. காணாமற்போன பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் ஒன்று "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. 18 வயதுக்குக் குறைந்தபோது எடுத்த படமாக இருந்தால், அதை எங்கும் அனுப்பாமலே, கைப்பேசியிலேயே அதற்கு எண்களாலான ஒரு கைரேகை உருவாக்கப்படும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய, இதில் இணைந்த தளங்கள் அந்தக் கைரேகைக்குப் பொருந்தும் படம் வந்தால் நீக்கிவிடும். இணையாத தளங்களில் இது செல்லாது என்றாலும், பயந்து நடுங்கும் பிள்ளைக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

காவல்நிலையம் என்றதும் நமக்குக் கை கால் நடுங்குகிறது. வேற்று மாநிலம், வேற்று மொழி. ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நமக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ பதியலாம். பதிகிற அதிகாரி சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். இரவில் பிள்ளையைக் காவல்நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரும் அடையாளமும் வெளியாகக் கூடாது. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறவும் அச்சட்டத்தில் இடமுண்டு. இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வீட்டுக்கு எப்போதும் மொழிபெயர்க்கிற அதே பிள்ளையை நிறுத்தி, தனக்கு நேர்ந்த அவமானத்தைத் தானே இந்தியில் சொல்லி, காவலர் கேட்பதைத் தன் தாய்க்குத் தமிழில் சொல்லும்படி விடாதிருங்கள். சபையில் மராத்தி எழுதத் தெரிந்த, வாயடக்கமுள்ள ஒரு சகோதரரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊரில் விடுமுறையில் இருக்கும்போது நடந்தாலும், இங்கே நடந்து ஊரில் தெரியவந்தாலும், எந்தக் காவல்நிலையத்திலும் புகார் பதியலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதை உறுதிப்படுத்துகிறது.

இன்னொன்று, போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோவின் 19-ஆம் பிரிவு. தெரிவிக்காதிருப்பதே தண்டனைக்குரியது, நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. "சபையின் பெயர் கெடும், உள்ளுக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பதற்கு இதில் இடமில்லை. குற்றம் செய்தவர் நமக்குள் ஒருவராக இருந்தால் இது இன்னும் அதிகமாய்ப் பொருந்தும்.

அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 1930-க்குப் பேசினார்கள், புகாரும் பதிவாயிற்று. பணம் இதுவரை திரும்பவில்லை. படம் யாருக்கும் போனதாகத் தெரியவில்லை. அப்பா மூன்று நாள் மகனிடம் பேசவில்லை. நான்காம் நாள் பள்ளிக்குத் தாமே கொண்டுபோய் விட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சகோதரி சொன்னார்: "அக்கா, நேற்று மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்துக்கொண்டு அவனே கீழே இறங்கி வந்தான். யாரோ புதிதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாதே! அவனே வாசித்துச் சொன்னான். எங்கே அழுத்தினால் தடை செய்யலாம் என்று காட்டினான். நான்தான் அழுத்தினேன். கையில் மாவு இருந்ததால் போனெல்லாம் மாவாகிவிட்டது."